எல்ம் தெருவுக்கு மறுபடியும்: ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1984 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான இந்தப் படத்தை எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது வாடகை வீடியோ கேசட்டில் பார்த்தேன். சில மாதங்களுக்கு முன்பு மறுபடியும் பார்த்தேன். இப்போது என் மகளுக்குப் பதினாறு வயது. படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்களும் உறவினர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றையும், படம் முடிந்தபின் எனக்குள் எழுந்த சில கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். முடிவு உட்பட முழுக் கதையும் இதில் வரும். முதல் தடவை பார்க்கப் போகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

படத்தின் கதை என்ன? எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது.

எல்ம் தெரு என்ற அமைதியான குடியிருப்பு. அங்கே இருக்கும் நான்கு பள்ளி மாணவர்களுக்கு ஒரே ஆள் கனவில் வருகிறான். தீயில் வெந்த முகம், பழைய தொப்பி, சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக இருக்கும் ஸ்வெட்டர், வலது கையில் விரலுக்கு ஒன்றாகக் கத்தி பொருத்திய கையுறை. அவன் பெயர் ஃப்ரெடி க்ரூகர். கனவில் அவன் வெட்டினால் நிஜத்திலும் வெட்டு விழும், கனவில் கொன்றால் நிஜத்திலும் சாவுதான்.

முதலில் டீனா சாகிறாள். அவளோடு அந்த அறையில் இருந்த காதலன் ராடைப் போலீஸ் பிடிக்கிறது. அவன் லாக்கப்பில் கழுத்தில் துணி இறுகிச் சாக, எல்லாரும் தற்கொலை என்று முடிவுகட்டுகிறார்கள். அடுத்தது க்ளென். மிஞ்சுகிறவள் நான்சி. அவள் தூங்காமல் தாக்குப்பிடித்து, கடைசியில் ஃப்ரெடியைக் கனவிலிருந்து நிஜ உலகத்துக்கு இழுத்து வந்து மோதுகிறாள்.

ஸ்லாஷர் என்கிறார்களே, பேய்ப்படம் என்கிறார்களே, இது எதில் சேரும்?

இரண்டிலும். கையில் கத்தியோடு ஒருவன் இளைஞர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் படங்களைத்தான் ஸ்லாஷர் என்பார்கள். 1978இல் வந்த ‘ஹாலோவீன்’, 1980இல் வந்த ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ இரண்டும் ஓடிய ஓட்டத்தில் அந்த வகைப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. 1984 வாக்கில் ரசிகர்களுக்கே அது சலித்திருந்தது.

அந்தப் படங்களில் கொலைகாரனிடமிருந்து ஓடலாம். கதவைச் சாத்தலாம், ஊரைவிட்டே போகலாம். எழுதி இயக்கிய வெஸ் க்ரேவன் அந்த வழியை அடைத்துவிட்டார். தூக்கத்திடமிருந்து எங்கே ஓடுவது? ஒரு நாள் விழித்திருக்கலாம், இரண்டு நாள் முடியலாம், மூன்றாம் நாள் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகும். உடம்பே நம்மைப் பிடித்துக் கொடுத்துவிடும். இந்த ஒரு யோசனையால்தான் இத்தனை வருடம் கழித்தும் படம் கெடாமல் இருக்கிறது.

இப்போது பார்த்தாலும் பயமாக இருக்கிறதா?

சில இடங்களில் இருக்கிறது. சில இடங்களில் இல்லை. சந்தில் ஃப்ரெடியின் கைகள் இரண்டு பக்கச் சுவரையும் தொடும் அளவுக்கு நீளும் காட்சியில் பொய்க்கை பொய்க்கையாகவே தெரிகிறது. அந்தக் கைகளை இரு பக்கமும் தூண்டில் கம்பில் கட்டித் தூக்கியிருக்கிறார்கள். கடைசிக் காட்சியில் கதவின் ஜன்னல் வழியாக இழுக்கப்படும் அம்மா வெறும் பொம்மை என்று குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் பள்ளிக்கூடக் காட்சி வேறு. வகுப்பில் ஒரு மாணவன் ஷேக்ஸ்பியரை வாசித்துக்கொண்டிருக்கிறான். நான்சிக்குக் கண் செருகுகிறது. வாசிக்கும் குரல் மெல்லக் கிசுகிசுப்பாக மாறுகிறது. திரும்பிப் பார்த்தால் வாசலில் பிணத்தைச் சுற்றும் பிளாஸ்டிக் உறைக்குள் டீனா நிற்கிறாள், நான்சியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அப்புறம் அந்த உறையை யாரோ தரையோடு இழுத்துப் போகிறார்கள், இழுப்பவர் யாரும் இல்லை. வராந்தாவில் ரத்தக் கோடு மட்டும் நீள்கிறது. நல்ல பகல் வெளிச்சம், பழகிய பள்ளிக்கூடம். கனவு எங்கே தொடங்கியது என்று நம்மால் சுட்டிக்காட்ட முடியாது. பதினாறு வயதில் நான் பயந்தது கத்திக்குத்தான். இந்தத் தடவை அந்த வராந்தாக் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன்.

இது உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்ததா?

ஃப்ரெடி கற்பனை. ஆனால் தூக்கத்தில் சாவு என்ற விஷயம் க்ரேவனுக்குச் செய்தித்தாளிலிருந்து கிடைத்தது. வியட்நாம் போருக்குப் பிறகு லாவோஸ், கம்போடியா பக்கமிருந்து ஏராளமானவர்கள் அகதிகளாக அமெரிக்கா போனார்கள். அவர்களில், முக்கியமாக ஹ்மோங் இனத்தவரில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த இளைஞர்கள் 1970களின் பின்பகுதியிலிருந்து திடீர் திடீரென்று தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். பிரேதப் பரிசோதனையில் காரணம் பிடிபடவில்லை. 1981இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நாளிதழிலும் செய்திகள் வந்தன.

அப்படி ஒரு செய்தியைப் பற்றி க்ரேவன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கெட்ட கனவுகளால் அலறிய ஓர் இளைஞன், தூங்கினால் செத்துவிடுவேன் என்று சொல்லித் தூக்கத்தை மறுத்திருக்கிறான். வீட்டார் கெஞ்சியிருக்கிறார்கள், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் அவன் அசந்து தூங்கியதும் அப்பாடா என்று நிம்மதியாகப் படுத்திருக்கிறார்கள். நள்ளிரவில் அலறல் கேட்டு ஓடிப்போனால் அவன் இறந்து கிடக்கிறான். அவன் அறையில், யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த காபி மெஷினைப் பின்னர் கண்டெடுத்திருக்கிறார்கள். படத்தில் நான்சியும் தன் அறையில் காபி மெஷினை ஒளித்து வைத்திருக்கிறாள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் காட்சி சட்டென்று கனத்துப்போகும்.

அந்த மரணங்களுக்கும் ப்ருகாடா என்ற பரம்பரை இதய மின்துடிப்புக் கோளாறுக்கும் தொடர்பு இருப்பதை மருத்துவர்கள் பின்னாளில் கண்டறிந்தார்கள். ஹ்மோங் மக்களிடமோ, தூங்கும்போது நெஞ்சில் ஏறி அழுத்தும் ஆவி என்ற பழைய நம்பிக்கை இருந்தது. நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று சொல்வோமே, ஏறக்குறைய அதே மாதிரி. விழிப்பு வந்திருக்கும், கையைக் காலை அசைக்க முடியாது, மேலே யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அதை ஒரு தடவை அனுபவித்தவர்களுக்கு இந்தப் படத்தின் அடிப்படையை விளக்க வேண்டியதே இல்லை.

ஃப்ரெடியின் தோற்றம் எங்கிருந்து வந்தது?

க்ரேவனின் சிறுவயதிலிருந்து. ஒருநாள் இரவு தெருவில் போன ஒரு பெரியவர், ஜன்னலில் நின்ற சிறுவன் க்ரேவனை அண்ணாந்து பார்த்து, நகராமல் வெறித்துக்கொண்டே நின்றிருக்கிறார். பயமுறுத்த வேண்டும் என்றே அவர் அதைச் செய்ததுதான் க்ரேவனுக்குக் கடைசிவரை மறக்கவில்லை. தொப்பி அவருடையது. ஃப்ரெடி என்ற பெயர் பள்ளியில் தன்னை அடித்துத் துன்புறுத்திய ஒரு பையனுடையது. சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண்ணுக்குச் சங்கடம் என்று ஒரு கட்டுரையில் படித்துவிட்டு ஸ்வெட்டரின் நிறத்தை முடிவு செய்தார்.

கையுறைக்காகப் படத்தின் ஆரம்பத்தையே ஒதுக்கியிருக்கிறார்கள். அழுக்கான மேசை, கருவிகள், இரண்டு கைகள் மட்டும். முகம் தெரியாது. அந்தக் கைகள் உலோகத்தை அடித்து வளைத்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கத்தியைப் பொருத்துகின்றன. மூச்சு வாங்கும் சத்தம் கூடவே வருகிறது. கடையில் வாங்கிய ஆயுதம் கிடையாது, உட்கார்ந்து பொறுமையாகச் செய்த கைவேலை. அந்தப் பொறுமைதான் என்னை அச்சுறுத்துகிறது.

ஃப்ரெடி எவ்வளவு நேரம் திரையில் வருகிறான்?

எல்லாம் சேர்த்துச் சுமார் ஏழு நிமிடம். ஃப்ரெடியாக நடித்த ராபர்ட் இங்லண்ட் அந்த ஏழு நிமிடத்தில், உடம்பை ஒரு பக்கம் சாய்த்து நிற்கும் விதத்திலேயே ஆளைக் காட்டிவிட்டார்.

சுவரில் ஏறிச் சாகும் காட்சியை கணினி இல்லாமல் எப்படி எடுத்தார்கள்?

அறையையே சுற்றினார்கள். டீனா சாகும் படுக்கையறையை ஒரு பெரிய சுழலும் கூண்டாகக் கட்டி, கட்டில், விளக்கு எல்லாவற்றையும் ஆணியடித்து நிறுத்தினார்கள். கேமராவையும், கேமராவை இயக்குபவர் உட்காரும் இருக்கையையும் அறையோடு சேர்த்தே பொருத்தினார்கள். அறை சுற்றும்போது கேமராவும் கூடவே சுற்றுவதால் பார்ப்பவருக்கு அறை அசையாதது போலத் தெரியும். நடிகை அமாண்டா வைஸ் எப்போதும் கீழ்ப்பக்கம் இருக்கும் பரப்பில்தான் ஊர்ந்துகொண்டிருப்பார். அது நமக்குச் சுவராகவும் கூரையாகவும் தெரியும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் காட்சியின் வேகம் குறையவில்லை. ஏனென்றால் அங்கே ராடின் கண்ணுக்கு ஃப்ரெடி தெரியவில்லை. தன் காதலியின் உடம்பு தானாகக் கிழிவதையும், யாரும் தூக்காமல் கூரையில் இழுபடுவதையும் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் முகத்தைத்தான் நான் இந்தத் தடவை பார்த்துக்கொண்டிருந்தேன்.

க்ளென் சாகும் காட்சியும் அதே அறையில்தான். அறையைத் தலைகீழாகத் திருப்பி, கட்டிலின் நடுவிலிருந்த ஓட்டை வழியாகச் சிவப்பு நீரைக் கொட்டினார்கள். கேமராவும் தலைகீழாக இருந்ததால் கட்டிலிலிருந்து ரத்தம் ஊற்றெடுத்துக் கூரையில் அடிப்பது போலத் தெரிகிறது. கொட்டிய நீரின் எடை ஒரு பக்கம் சாய, அறை தாறுமாறாகச் சுழன்று, விளக்குகளில் தண்ணீர் பட்டு மின்பொறி பறந்தது. இருக்கையில் கட்டியிருந்த க்ரேவனும் ஒளிப்பதிவாளர் ஜாக் ஹைட்கினும் இருட்டில் தலைகீழாகத் தொங்க வேண்டியதாயிற்று. படத்துக்கு மொத்தமாகச் சுமார் 500 கேலன் போலி ரத்தம் செலவானது என்று படக்குழு சொல்லியிருக்கிறது.

நான்சியின் தலைக்கு மேல் சுவர் புடைத்து முகமாக மாறுவது இன்னும் எளிய வேலை. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் நீளும் துணியை இழுத்துக் கட்டி, பின்னாலிருந்து ஒருவர் முகத்தை அழுத்தினார். அவ்வளவுதான். மாடிப்படியில் கால் புதைவது பான்கேக் மாவு. குளியல்தொட்டிக்கு அடிப்பக்கத்தை எடுத்துவிட்டு, கீழே நீர்த்தொட்டி வைத்து, உள்ளிருந்து ஒருவர் கத்திக் கையை நீட்டினார். மொத்தச் செலவு சுமார் 11 லட்சம் டாலர். அமெரிக்காவில் மட்டும் வசூல் சுமார் 2.5 கோடி டாலர். அப்போது சிறு நிறுவனமாக இருந்த நியூ லைன் சினிமாவை ‘ஃப்ரெடி கட்டிய வீடு’ என்றே ஹாலிவுட்டில் சொல்வார்கள்.

மறுபடி பார்த்தபோது உங்களுக்கு எது புதிதாகத் தெரிந்தது?

பெற்றோர்கள். முதல் தடவை பார்த்தபோது அவர்களை நான் கவனிக்கவே இல்லை. கதைக்குத் தேவை என்று நிறுத்திய ஆட்கள் என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை அவர்களைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

வரிசையாகப் பாருங்கள். டீனா அலறி எழுகிறாள், இரவுடையில் நான்கு கீறல் கிழிசல். அம்மா வாசலில் நின்று பார்க்கிறாள். ஒன்று நகத்தை வெட்டு, இல்லையென்றால் இந்த மாதிரிக் கனவு காண்பதை நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போகிறாள். மறுநாளே மகளைத் தனியாக விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறாள். நான்சியின் அப்பா போலீஸ் அதிகாரி. பள்ளிக்கூடம் போகும் மகளைப் பின்தொடர்ந்து, அவளைத் தூண்டில் புழுவாக்கி ராடைப் பிடிக்கிறார். க்ளென் தூங்கிவிடக் கூடாதே என்று நான்சி பதறிப்போய் போன் செய்கிறாள். க்ளெனின் அப்பா பேச்சை முறித்துவிட்டு ரிசீவரைக் கீழே எடுத்து வைக்கிறார். அந்தச் சின்ன அசைவில் மகன் செத்துப்போகிறான். நான்சியின் அம்மா மார்ஜ், மகளைக் காப்பாற்றுவதாக நினைத்து ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி போடுகிறாள், கதவைப் பூட்டிச் சாவியை மறைக்கிறாள். கொலைகாரன் கனவில் இருக்கிறான், மகளோ அவனோடு வீட்டுக்குள் பூட்டப்பட்டிருக்கிறாள்.

இவர்கள் கெட்டவர்கள் கிடையாது. அதுதான் வலிக்கிறது. நிலவறையில் மார்ஜ் மகளை உட்காரவைத்து உண்மையைச் சொல்கிறாள். ஃப்ரெடி அந்த வட்டாரத்துக் குழந்தைகளில் இருபது பேரையாவது கொன்றவன். சோதனை வாரண்டில் சரியான இடத்தில் கையெழுத்து விழவில்லை என்ற காரணத்தால் நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்துவிட்டான். பெற்றோர்கள் ஒன்றுசேர்ந்து, அவன் பதுங்கிய பழைய பாய்லர் அறைக்குப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். சொல்லிவிட்டு, துணியில் சுற்றி வைத்திருந்த அந்தக் கையுறையை எடுத்து மகளிடம் காட்டுகிறாள். அவன் இனி வர முடியாது, அம்மா கொன்றுவிட்டேன் என்று சமாதானம் சொல்கிறாள். கையில் மது பாட்டில். இத்தனை வருடமும் அந்தக் கையுறை, மகள் தூங்கும் அறைக்குக் கீழேயே இருந்திருக்கிறது.

அந்தப் பெற்றோர்கள் செய்ததை நியாயப்படுத்தவும் என்னால் முடியவில்லை, அவர்கள் இடத்தில் நான் இருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை. ஆனால் அதைப் பிள்ளைகளிடம் மறைத்தது வேறு விஷயம். டீனா, ராட், க்ளென் மூவரும் தங்களை எவன் கொல்கிறான், ஏன் கொல்கிறான் என்று தெரியாமலேயே சாகிறார்கள். பெரியவர்கள் வாயைத் திறந்திருந்தால் நான்சிக்கு முன்னாலேயே யாராவது பிழைத்திருக்கலாம். மற்ற ஸ்லாஷர் படங்களில் இளைஞர்கள் தாங்கள் செய்த தவறுக்காகச் சாவார்கள். இங்கே அப்பா அம்மா மூடி மறைத்ததற்காகச் சாகிறார்கள்.

நான்சியை ஏன் எல்லாரும் கொண்டாடுகிறார்கள்?

அவள் யோசிக்கிறாள். பொறி வைப்பது பற்றிய புத்தகத்தைப் படித்து, கதவில் சுத்தியலைக் கட்டுகிறாள், தரையில் கம்பி இழுக்கிறாள், பல்பில் வெடிமருந்தை நிரப்புகிறாள். இத்தனை நிமிடத்தில் வந்து கதவை உடையுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவைக்கிறாள். எதிர்வீட்டில்தான் அவர் இருக்கிறார். நேரத்துக்கு வரவில்லை. அவள் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கத்துகிறாள், காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்.

நான்சியாக நடித்த ஹெதர் லாங்கன்காம்ப் பக்கத்து வீட்டுப் பெண்போல இருக்கிறார். நாள் ஆக ஆகக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுகிறது, முடியில் ஒரு கீற்று நரைக்கிறது. கண்ணாடியைப் பார்த்து, இருபது வயதுக்காரி மாதிரி ஆகிவிட்டேனே என்கிறாள். அந்த வசனத்துக்குச் சிறுவயதில் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

முடிவு ஏன் அப்படிக் குழப்புகிறது?

இரண்டு பேரின் முடிவு ஒன்றாகக் கலந்துவிட்டதால். க்ரேவன் எழுதியதில் நான்சி ஃப்ரெடிக்கு முதுகைத் திருப்புகிறாள். உனக்கு நான் கொடுத்த சக்தியையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். பயம் போனதும் அவனும் இல்லாமல் போகிறான். பொழுது விடிகிறது, படம் முடிகிறது. தயாரிப்பாளர் ராபர்ட் ஷேவுக்கோ அடுத்த பாகத்துக்கு ஒரு கொக்கி வேண்டும். ஃப்ரெடியே காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். பல விதமாக எடுத்துப் பார்த்துவிட்டு, காரின் கூரையில் சிவப்பு பச்சைப் பட்டையும், கதவு வழியாக இழுக்கப்படும் அம்மாவும் என்று ஒத்துப்போனார்கள்.

எனக்கு க்ரேவனின் முடிவுதான் சரி. நான்சி முதுகைத் திருப்பும் இடத்தோடு என் மனதில் படம் முடிந்துவிடுகிறது.

ஜானி டெப் இதில்தான் அறிமுகமா?

ஆமாம், க்ளென்தான் அவருடைய முதல் திரைப்பட வேடம்.

அடுத்த பாகங்களில் எதைப் பார்க்கலாம்?

எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். 1987இல் வந்த மூன்றாம் பாகம் ‘ட்ரீம் வாரியர்ஸ்’ நன்றாக இருக்கும். க்ரேவன் திரைக்கதையில் பங்கெடுத்தார், லாங்கன்காம்பும் திரும்பி வந்தார். நான்காம் பாகத்திலிருந்து ஃப்ரெடி கொலைக்குக் கொலை நகைச்சுவை வசனம் பேசும் ஆளாகி, பயம் வடிந்துவிட்டது. 1985இன் இரண்டாம் பாகத்தை ஒருபால் ஈர்ப்பை உள்ளே வைத்த கதையாக இன்று பலர் வாசிக்கிறார்கள். அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் சுவாரசியம் உண்டு.

தவறவிடக் கூடாதது 1994இல் க்ரேவனே திரும்பி வந்து எடுத்த ‘நியூ நைட்மேர்’. அதில் லாங்கன்காம்ப் தன் சொந்தப் பெயரிலேயே, ஒரு சிறுவனுக்கு அம்மாவாக வருகிறார். பிள்ளை பயப்படுகிறான், அம்மா அவனை நம்புகிறாள், அவனைத் தேடிக் கனவுக்குள்ளேயே இறங்குகிறாள். மார்ஜ் செய்யாததை இவள் செய்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்ப்பது நல்லது.

2010இல் வந்த மறுஆக்கம்?

ஃப்ரெடியாக வரும் ஜாக்கி எர்ல் ஹேலி நல்ல நடிகர், நான்சியாக ரூனி மாராவும் இருக்கிறார். ஆனாலும் படம் ஒட்டவில்லை. அந்தச் சுவர்க் காட்சி ஒன்றே போதும். துணியும் ஒரு மனித முகமும் செய்ததை கணினி வரைகலை செய்ய முடியவில்லை.

இந்தியாவில் இதை யாராவது எடுத்தார்களா?

இந்தியில் திகில் படங்களுக்குப் பேர்போன ராம்சே சகோதரர்கள் 1990களில் ‘மஹாகால்’ என்று எடுத்தார்கள். கத்திக் கையுறை அப்படியே இருக்கிறது, கொலைகாரன் பெயர் சகால். பாட்டும் நகைச்சுவையும் உண்டு. பழைய வீடியோ கேசட் காலத்தை நினைத்துப் பார்க்க உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

எந்தப் பிரதியைப் பார்ப்பது?

40ஆம் ஆண்டையொட்டி 2024இல் 4கே பிரதி வந்தது. முன்பு வெட்டிய சில நொடிகளும் அதில் உண்டு. முடிந்தால் அதையே பாருங்கள், ஹெட்போன் போட்டுக்கொண்டு. சார்லஸ் பெர்ன்ஸ்டீனின் சிந்தசைசர் இசை பாய்லர் அறைக் காட்சிகளில் குழாய்ச் சத்தத்தோடு எப்படிக் கலக்கிறது என்பது டிவி ஸ்பீக்கரில் தெரியவே தெரியாது. இந்தப் படத்தைப் பாதுகாக்க வேண்டிய படைப்பு என்று 2021இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். ரத்தம் நிறைய. அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் தியேட்டரில் பார்க்க முடியும். பதினைந்து, பதினாறு வயது என்றால் அவரவர் பிள்ளையை அவரவருக்குத் தெரியும். தனியாக விடாமல் கூட உட்காருங்கள்.

என் மகள் என்னோடுதான் பார்த்தாள். டீனா சாகும் காட்சியில் தலையணையை இறுக்கிப் பிடித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. க்ளெனின் அப்பா போனை எடுத்துக் கீழே வைத்தபோதுதான் திரும்பி, “அந்த அப்பா ஏம்ப்பா அப்படிப் பண்ணார்? ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாம்ல?” என்றாள். அவருக்குத் தெரியாதும்மா என்றேன். “கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

படம் முடிந்து படுக்கப் போகும்போது அறைக் கதவைச் சாத்த வேண்டாம் என்றாள். கூடத்து விளக்கை அணைக்காமல், விடியும்வரை அப்படியே விட்டிருந்தேன்.